வெள்ளமும் வாயில்லா ஜீவன்களும்

(நமது ஆலய அறப்பணி நிதியின் ஆண்டுக் கூட்டத்தில் செயலவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



'கோசேவை' என்ற தலைப்பில் பதினைந்து நிமிடம் பேசும்படி செயலாளர் அவர்கள் பணித்திருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் சுண்ணக்கட்டி பிடித்தவன் நான். மணி அடித்தாலொழிய நிறுத்திப் பழக்கமில்லை. ஆகவே கடிகாரத்தைப் பார்த்துக் கொள்ளும் பொறுப்பை அவரிடமே விட்டு விடுகிறேன். பசுவின் பெருமையைக் குருக்கள் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் பசுவின் கழுத்தில் கிடக்கும் கயிற்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

1971-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து வெள்ளத்தை இங்கிருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோலாலம்பூர் நகரமே நீரில் நின்றது. தேசியப் பேரிடர் என்று அரசாங்கம் அறிவித்த வெள்ளம் அது. அப்போது எனக்கு வயது பத்து. லிங்கி ஆற்றில் போய்க் கலக்கும் ஓர் ஓடையின் ஓரத்தில் இருந்த ரப்பர் தோட்டத்தில் எங்கள் குடும்பம் இருந்தது. என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். லயத்துக்குப் பின்னால் சிறு கொட்டகை போட்டு ஒரு பசுவும் கன்றும் வைத்திருந்தோம். பால் விற்ற காசில்தான் எனக்குப் புத்தகமும் சப்பாத்தும்.

இரவில் தண்ணீர் ஏறியது. அப்பா பாட்டியைத் தோளில் தூக்கிக் கொண்டார். "தம்பி, ரெண்டு கயித்தையும் அவுத்து விட்டுட்டு மேட்டுக்கு ஓடியா" என்றார். பசுவை அவிழ்த்து விட்டேன். கன்றின் கயிறு நனைந்து ஊறி, முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பயம் வந்து விட்டது, ஓடி விட்டேன். மேட்டில் அப்பா கேட்டபோது, ரெண்டையும் அவிழ்த்து விட்டேன் என்று சொன்னேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். பசு மேட்டுக்குப் போகவில்லை. வயிறளவு தண்ணீரில் கொட்டகையருகே நின்று கொண்டிருந்தது. கன்று கயிற்றின் நீளத்துக்குள்ளேயே மிதந்தது. அப்பா முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். இடுப்பிலிருந்த கத்தியால் கயிற்றை அறுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு.

அன்பர்களே, நம் முன்னோர்கள் இந்த மண்ணுக்கு வந்த நாள் முதல் மாடும் நம்மோடு இருந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழியில் இங்கு உருவான கறவை இனத்தை, கால்நடைத் துறையினர் இன்றும் 'எல்.ஐ.டி.', அதாவது உள்ளூர் இந்தியக் கறவை என்றே குறிப்பிடுகின்றனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு சிரம்பானைச் சுற்றிலும், நீலாய், செண்டாயான் பக்கங்களிலும் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. தோட்டத்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். மூன்றாம் மாடிக்கு மாட்டை ஏற்ற முடியுமா? சிலர் விற்றார்கள். சிலர் உறவினரிடம் விட்டார்கள். இன்னும் சிலர், இப்படிச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், கோயிலுக்கு நேர்ந்து விட்டார்கள். நேர்ந்து விட்டவர்கள் எல்லோரும் பக்தியால்தான் விட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கன்றுக்கு மாலை போட்டு, மஞ்சள் பூசி, படம் பிடித்துக் கொண்டு போன பின் ஒரு கட்டுப் புல்லோடு திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்பது நம் கொட்டகைக்குத் தெரியும்.

2021 டிசம்பருக்கு வருகிறேன். 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை. நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சேதம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்கிட்டது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். நம் நெகிரி செம்பிலானிலும் ஜெலுபு, சிரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் மக்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. தீயணைப்பு மீட்புப் படையினர் மனிதர்களைக் காப்பாற்றவே நேரம் போதாமல் ஓடிக் கொண்டிருந்தார்கள். அதுதான் முறையும்கூட. மாட்டுக்குப் படகு அனுப்புங்கள் என்று அன்று யாரைக் கேட்பது?

சனிக்கிழமை மதியம் நம் கொட்டகையில் முழங்காலளவு தண்ணீர். ஐந்து பசுக்கள், இரண்டு கன்றுகள். மாட்டுத் திருட்டுக்குப் பயந்து கதவுக்குச் சங்கிலியும் பூட்டும் போட்டிருந்தோம். சாவி ஒன்றே ஒன்று. அதை வைத்திருந்தவர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு சாவியோடு விட்டது செயலவை. அதில் நானும் ஒருவன். பூட்டை உடைத்து உள்ளே போவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்து விட்டது. கதவைத் திறந்தோம். பசுக்கள் வெளியே வரவில்லை! நான்கு இளைஞர்கள் இழுத்தார்கள்; அதட்டினார்கள்; வாலை முறுக்கினார்கள். அவை சுவரோடு சுவராக ஒட்டிக் கொண்டு நின்றன.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். பெயர் சொல்ல வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். முன்னாளில் பால்மரம் வெட்டியவர், எழுபதைத் தாண்டியவர், நாள்தோறும் புல் அறுத்துப் போடுகிறவர். வாசலில் தண்ணீருக்குள் நின்று கொண்டு, தீனி வைக்கும்போது கொடுப்பாரே அந்தக் குரல், அதைக் கொடுத்தார். கிழட்டுப் பசு ஒன்று தலையைத் திருப்பியது. அவர் பின்னால் நடந்தது. மற்றவை அதன் பின்னால் வந்தன. ஒரு கன்றையும் தூக்கி வந்து விட்டோம். மூலையில் கட்டியிருந்த இன்னொன்றை அவிழ்க்க முடியவில்லை. ஊறிய முடிச்சு. எங்களில் ஒருவரிடமும் கத்தி இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே முடிச்சு, அன்பர்களே.

இதை நினைக்கும்போதெல்லாம் நெதர்லாந்து நாட்டில் நடந்த ஒன்றும் என் நினைவுக்கு வரும். 2006 அக்டோபர் 31. வடக்கே ஃபிரிஸ்லாந்து மாநிலத்தில் மாரும் என்ற சிற்றூர். கடலைத் தடுக்கும் கரைக்கு வெளியே உள்ள புல்வெளியில் இருநூறுக்கு அருகில் குதிரைகளை மேய விட்டிருந்தார்கள். இரவில் புயலடித்துக் கடல் ஏறி வந்தது. குதிரைகள் ஒரு சிறு மேட்டில் நெருக்கியடித்துக் கொண்டு நின்றன, சுற்றிலும் தண்ணீர். இருபதுக்கு அருகில் மூழ்கிச் செத்தன. படகுகளில் சிலவற்றைக் கொண்டு வர முடிந்தது; எல்லாவற்றையும் முடியவில்லை. குளிரிலும் காற்றிலும் மூன்று நாட்கள்! புயல் வருமுன்னே கரைக்கு உள்ளே ஓட்டி வந்திருந்தால் இத்தனையும் வேண்டியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

நவம்பர் 3-ஆம் தேதி, தண்ணீர் சற்று வடிந்ததும், நான்கு பெண்கள் தங்கள் குதிரைகள் மீதேறித் தண்ணீருக்குள் இறங்கினார்கள். மேட்டை அடைந்து, திரும்பி நடந்தார்கள். அவ்வளவுதான். அந்த நான்கு குதிரைகளைப் பார்த்ததும் கூட்டம் முழுவதும் பின்தொடர்ந்தது. வரிசையாக நீரைக் கிழித்துக் கொண்டு கரையேறிய அந்தக் காட்சியை உலகமெங்கும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். குதிரை மந்தை விலங்கு. ஆபத்தில் அது மனிதனின் அதட்டலைவிடத் தன் இனத்தின் முதுகையே நம்புகிறது. நம் கிழட்டுப் பசு செய்ததும் அதுதான்.

குதிரைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். மதுரை வீரன் சன்னதியில் நிற்கும் குதிரைக்கு ஆண்டுதோறும் வெள்ளையடித்துக் கண் எழுதுகிறோம். பந்தயத்தில் ஓடி ஓய்ந்து சவாரிக் கொட்டில்களுக்குப் போகிற உயிருள்ள குதிரைகளும் இந்த நாட்டில் இருக்கின்றன. கோகுலத்துக் கதையைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். ஏழு நாள் பெருமழையில் கோவர்த்தன மலையின் கீழ் மனிதர்கள் மட்டுமா நின்றார்கள்? கன்று காலிகளும் அல்லவா நின்றன.

இனி, நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் கொட்டகைக்குப் பின்புறம் ஒரு மேடு எழுப்ப வேண்டும் என்று செயலவையில் முன்வைத்திருக்கிறேன். இது என் கண்டுபிடிப்பு அன்று. 1970 நவம்பரில் வங்கக் கடலில் எழுந்த புயல், இன்றைய வங்காளதேசத்தில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் கொண்டு போனது. அதன் பின் அங்கே கடலோரக் கிராமங்களில் மக்களும் ஆடு மாடுகளும் ஏறி நிற்க மண்மேடுகள் எழுப்பினார்கள். 'முஜிப் கில்லா' என்று அவற்றுக்குப் பெயர். ஏழை நாடு செய்ததை நாம் செய்யக் கூடாதா?

2021-இல் தண்ணீர் நின்ற கோடு நம் கொட்டகைச் சுவரில் இன்னும் தெரிகிறது. மேடு அதற்கு மேல் நான்கடி உயர வேண்டும். பக்கங்கள் சரிவாக இருக்க வேண்டும், மாடு படியேறாது. மண் கரையாமல் இருக்க வெட்டிவேர் நடலாம். மேலே ஒரு கூரை, உலர்ந்த வைக்கோலுக்குப் பரண், நல்ல தண்ணீருக்குத் தொட்டி. வெள்ள நீரைக் குடித்த மாட்டுக்கு நோய் வரும். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் அதைத் தொடும் மனிதருக்கும் வரும். முக்கியமாக, கனத்த மழை எச்சரிக்கை வந்தால் அன்று மாலையே மாடுகள் மேட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு ஓட்டுவது என்பது பாதி தோற்ற வேலை. மாதம் ஒருமுறை அந்த அம்மாவின் குரலுக்கு மேடேறப் பழக்கி விட்டால், வெள்ளத்தன்று இழுக்க வேண்டியதில்லை. அவரோடு இன்னும் இருவரை மாடுகளுக்குப் பழக்க வேண்டும், அவருக்கும் வயதாகிறது.

சாவி மூன்று பேரிடம் இருக்கிறது. கதவு நிலையில் ஒரு கத்தி தொங்குகிறது. கட்டும் கயிறுகளெல்லாம் ஒரு முனையை இழுத்தால் உருவிக் கொள்ளும் முடிச்சாக மாற்றி விட்டோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை நானே சொல்லிக் கொடுத்தேன். இவற்றுக்கு ஆன செலவு நூறு வெள்ளிகூட இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்; சிலருக்குக் கசக்கலாம். இனிமேல் ஓராண்டுத் தீனிச் செலவை ஏற்காதவர்களிடமிருந்து கன்று பெற்றுக் கொள்வதில்லை என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. நான் அதை ஆதரிக்கிறேன். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தன் பொறுப்பில் உள்ள விலங்கைக் கவனிப்பதையும் அச்சட்டம் கடமையாக்கியிருக்கிறது. கோயில் மாட்டுக்கு உரிமையாளர் யார் என்று அதிகாரி கேட்டால், சாமியைக் கை காட்ட முடியாது.

மேட்டுக்கான மண்ணை இலவசமாகத் தர ஓர் அன்பர் முன்வந்திருக்கிறார். லோரி வாடகையும் கூரையும்தான் பாக்கி. ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. இடத்தைப் பார்க்க விரும்புவோர் அன்னதானம் முடிந்ததும் என்னோடு வரலாம். காலையில் மழை பெய்திருக்கிறது. பின்வாசலருகே வழுக்கும், பார்த்து வாருங்கள்.