பேச்சுப் பயிற்சியும் தாய்மொழியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் நம் குழந்தைகள் மேடையேறிப் பாடுவதையும் பேசுவதையும் கண்டு மகிழ்கின்றோம். அம்மேடையில் ஏற இயலாத குழந்தைகளைப் பற்றியும், பேச்சிழந்து வீட்டிலேயே அமர்ந்துவிட்ட முதியோரைப் பற்றியும் இன்று சில சொற்கள் கூற விழைகின்றோம்.

நம் காலனியில் ஒரு குழந்தை. அகவை இரண்டரை ஆகியும் 'அம்மா' என்பதன்றி வேறு சொல் வரவில்லை. "வீட்டில் தமிழ், மாடிப்படியில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், குழந்தை குழம்பிவிட்டது, தமிழை நிறுத்துங்கள்" என்று பலர் கூறினர். அவ்வாறு கூறியோருள் நாமும் இருந்தோம். பெற்றோர் அஞ்சி நிறுத்தினர். இந்தி அறியாத பாட்டி, பேரனோடு பேசுவதையே விட்டுவிட்டார். ஆறு திங்கள் கழிந்தன. பேச்சு வரவில்லை, கதைகளும் போயின. பின்னர்ச் செவிச் சோதனை செய்தபோதுதான் குழந்தைக்குக் காது சரிவரக் கேளாமை தெரிந்தது. பழுது காதில் இருக்க, பழியை நாம் தமிழின்மேல் சுமத்தினோம். அதனை எண்ணி இன்று நாணுகின்றோம்.

இரண்டு மூன்று மொழிகளைக் கேட்டு வளர்வதனால் குழந்தையின் பேச்சு தடைப்படுவதில்லை. இது இத்துறை அறிஞர் பலரும் ஒப்பிய முடிபு. பேச்சு தாமதமாயின் முதற்கண் நோக்க வேண்டியது காதினையே. பிறந்த ஒரு திங்களுக்குள் செவிச் சோதனை, மூன்று திங்களுக்குள் குறையைத் துணிதல், ஆறு திங்களுக்குள் பயிற்சி தொடங்குதல் என்று வல்லுநர் வரையறுத்துள்ளனர். ஓராண்டு அளவில் முதற்சொல்லும், இரண்டாண்டு அளவில் 'பால் தா' போன்ற இருசொல் தொடரும் வருதல் இயல்பு. வாராவிடின் "தானே பேசும்" என்று காத்திராமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்க. மூன்று வயதில் ழகரமும் றகரமும் திருந்தவில்லையே என்று மட்டும் கவலற்க. அவை நாளடைவில் வருவன. திக்கிப் பேசும் குழந்தையை "நிறுத்திச் சரியாகச் சொல்" என்று அதட்டற்க. அது சொல்லி முடிக்குமளவும் பொறுமையோடு கேட்பதே முதல் உதவியாகும்.

இனி முதியோர். பக்கவாதத்தால் மூளையின் இடப்பாகம் பழுதுறின் பேச்சு கெடக்கூடும். 1861இல் பாரிஸ் மருத்துவர் புரோக்கா, 'டான்' என்னும் ஓரொலியன்றிப் பெரும்பாலும் வேறு பேச இயலாதிருந்த ஒருவரின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியில் பழுதினைக் கண்டார். இத்தகையோர் பலர்க்கு அறிவு மழுங்குவதில்லை, சொல்லே கிட்டுவதில்லை. ஆகவே அவர்முன் அவரைக் குழந்தையாகக் கருதிப் பேசுதல் தகாது.

பன்மொழி அறிந்தவர் பேச்சிழந்தால் அவருக்கு மிகப் பழகிய மொழியே முதலில் மீளும் என்று பிரெஞ்சு மருத்துவர் பித்ரே 1895இல் எழுதினார். எல்லாரிடத்தும் அவ்வாறே நிகழ்வதில்லை என்பது பின்னர்த் தெளிந்தது. எனினும் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. அயல் ஊரில் வாழும் நம் முதியவரை இந்தியில் மட்டும் சோதித்து, "பேச்சு போயிற்று" என்று முடிவு கட்டுதல் நேரிது அன்று. அவர் தமிழில் விடை கூறக்கூடும். அதனைப் பயிற்சியாளருக்கு எடுத்துரைப்பது நம் கடமை.

இத்துறைக்கென மைசூரில் 1965இலும், மும்பை பாந்திராவில் 1983இலும் தேசிய நிலையங்கள் அமைந்தன. அத்தகைய இடங்களிலும் பயிற்சி வாரத்தில் சில மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் வீடே பயிற்சிக்கூடம். சோறு ஊட்டும்போதும், துணி மடிக்கும்போதும், படியேறும்போதும் பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்லிச் சிறிது காத்திருத்தலே பயிற்சியின் உயிர்நாடி. அதற்கு மிகவும் தக்கவர் பாட்டியே அல்லரோ!

நாம் கூறிய அக்குழந்தை காதுக் கருவி பொருத்திக்கொண்டது. பாட்டி மீண்டும் தமிழில் கதை சொல்லத் தொடங்கினார். சென்ற தீபாவளியன்று அக்குழந்தை எம்மை நோக்கி "மாமா, வா" என்றது. நாம் தடுத்த மொழியிலேயே நம்மை அது வரவேற்றது.

அன்பர்களே! பயிற்சிக்குச் செல்லும் குடும்பத்தோடு துணைசெல்லவும், பயிற்சியாளருக்குத் தமிழை விளக்கவும் சங்கத்து இளைஞர் சிலர் முன்வருதல் வேண்டும். பேச்சுக்காக ஏங்கும் எந்த வீட்டிலும் தமிழ் வாய்மூடி நிற்கலாகாது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!