சிறிய ஒலிவாங்கிக்கு அளவான மின்சாரம்



நம் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களில் ஒலித்த தாலாட்டும் ஒப்பாரியும் பாட்டிமார் சிலரின் நெஞ்சில்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை ஒலிப்பதிவு செய்ய விரும்பும் பிள்ளைகளுக்காக இன்று பேசுகிறோம்.

பெரிய ஒலிவாங்கியை முகத்துக்கு நேரே நீட்டினால் பாட்டி கூச்சப்படுவார். சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒலிவாங்கியைச் சேலையில் குத்திவிட்டால், சற்று நேரத்தில் அதை மறந்தே பாடுவார். இவ்வகை ஒலிவாங்கிக்கு 1962-இல் வழி கண்டவர்கள், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவர்.

இதற்குள்ளே நுண்ணிய பெருக்கி ஒன்று உண்டு. அது இயங்கச் சில வோல்ட் மின்சாரமே போதும். ஆனால், பதிவுக் கருவியின் மூன்று துளைச் செருகுவாயில் வருவதோ 48 வோல்ட். குரல் வரும் கம்பிகளிலேயே கண்ணுக்குத் தெரியாமல் செல்வதால் இதை 'ஃபேன்டம் பவர்' என்கிறார்கள். 1966-இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் அமைத்த முறை இது. அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்கு 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அந்த அளவே நிலைத்துவிட்டது.

மேட்டுத் தொட்டித் தண்ணீரை முழு வேகத்தில் நாற்றுக்குத் திறந்துவிடுவோமா? குழாயைத் திருகி அளவாகத்தானே விடுவோம்? அந்தத் திருகுக் குழாயின் வேலையைச் செய்வதுதான் அடாப்டர். அது 48 வோல்ட்டை வாங்கி, சிறிய ஒலிவாங்கி தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிறது.

இதை அறியாத காலத்தில், சாதாரணக் கம்பியால் இணைத்து ஒரு பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்தோம். வீடு திரும்பிக் கேட்டால் இரைச்சல்தான் இருந்தது. மறுமுறை நாங்கள் போனபோது பாட்டி இல்லை.

ஆகவே, ஒலிவாங்கிக்குப் பொருத்தமான அடாப்டரைக் கடையில் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் இணைத்த பிறகே 48 வோல்ட் விசையைப் போடுங்கள், கழற்றுமுன் அணையுங்கள். இந்த மின்சாரம் பேட்டரியை விரைவில் தீர்க்கும்; மாற்றுப் பேட்டரி கையில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹெட்போனை மாட்டி, குரல் விழுகிறதா என்று கேட்ட பிறகே பாட்டியைப் பாடச் சொல்லுங்கள்.

கருவி கெட்டால் வேறு வாங்கலாம். அந்தக் குரலை எந்தக் கடையில் வாங்குவோம்?