காணாமல் போன படம்: கேமரன் மலையும் பழைய நிலப்படங்களும்



கேமரன் மலையில் இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை எவர் நினைவாக அமைந்திருக்கிறதோ அவர் இங்கே தோட்டப் பள்ளியில் பூகோளம் கற்பித்த ஆசிரியர். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் லண்டனையும் சென்னையையும் காட்டி முடித்ததும், "ஐயா, நம்ம ஸ்கூல் எங்க இருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டதாம். விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுவிட்டேன் என்று அவர் சொல்லிச் சிரிப்பார். நிலப்படங்களை அடுக்கிப் பாதுகாக்கும் நூலகப் பணியிலேயே என் காலம் கழிந்தது. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இன்று பதில் தேடிப் பார்க்கிறேன்.

1. மலை தொலையவில்லை

1885இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர், பேராக்குக்கும் பகாங்குக்கும் இடையிலுள்ள மலைப்பகுதியை அளக்கப் புறப்பட்டார். கூலோப் ரியாவ் என்பவர் வழித்துணை. மலைகள் சூழ்ந்த ஒரு மேட்டு நிலத்தைக் கண்டதாகக் கேமரன் எழுதிவைத்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். பிறர் தேடிச் செல்லும்படியாக அந்த இடத்தைக் குறித்த படம் பின்வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, இங்கே மலைவாசத்தலம் அமைக்கலாம் என்று பரிந்துரைக்கும்வரை நாற்பது ஆண்டுகள் கழிந்தன. கேமரன் கண்ட மேடும் இன்று அவர் பெயரைத் தாங்கும் மேடும் ஒன்றுதானா என்ற ஐயம்கூட உண்டு.

அந்த நாற்பது ஆண்டும் மலை இருந்த இடத்தில்தான் இருந்தது. பழங்குடியினரான செமாய் மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் அவர்களிடம் பெயர் இருந்தது. தொலைந்தது படம் மட்டுமே. ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் படம் இல்லாத இடம் இல்லாத இடம்தான்.

மேக்ஸ்வெல்லின் பரிந்துரை வந்ததும் எல்லாம் விரைந்தன. 1926இல் தாப்பாவிலிருந்து சாலை வேலை தொடங்கியது. அது முடியுமுன்பே 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள் மலையேறினார்கள்; கொழுந்துக் கூடை முதுகில் ஏறியது. கூலியாட்களுக்கு உதவி தந்து மலாயாவுக்கு அனுப்பும் முறையை இந்திய அரசு 1938இல் நிறுத்தியபோது, இங்கே வந்து வேரூன்றிவிட்ட குடும்பங்கள் பல.

2. பத்துப் பொருத்தம்

மலாயாவின் பழைய நிலப்படங்கள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கொஞ்சம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தின் அரச காமன்வெல்த் சங்கத் தொகுப்பில் கொஞ்சம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் கொஞ்சம். பல நூலகங்கள் தம் படங்களை வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் வைக்கின்றன. வருடி வைத்தால் காகிதம் பிழைத்தது. ஆனால் திரையில் தெரிவது இன்னும் ஓர் ஓவியம்தான். அதன் எந்த மூலை தரையில் எங்கே விழும் என்று கணினிக்குத் தெரியாது.

அதைத் தெரியவைப்பதே புவிப்பொருத்தம். பழைய படத்தில் ஓர் ஆற்றுக் கூடலைத் தொடுகிறோம். அதே கூடலை இன்றைய செயற்கைக்கோள் படத்திலும் தொடுகிறோம். இது ஒரு புள்ளி. இப்படி மூன்று புள்ளி தந்தால் கணினி படத்தை நகர்த்தி, திருப்பி, நீட்டித் தரையின்மேல் விரித்துவிடும். ஈரத்தில் சுருங்கிய காகிதத்துக்கு ஆறு புள்ளி வேண்டும். அதற்கு அடுத்த வகைக் கணக்குக்குப் பத்து. நம்மவர்கள் பத்துப் பொருத்தம் என்று சரியாகத்தான் சொல்லிவைத்தார்கள்! ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பத்தும் பொருந்தியதாகக் கணக்குக் காட்டிய கல்யாணமும் கோணுவதுண்டு. புள்ளிகளை எல்லாம் ஒரே பக்கத்தில் குவித்தால் அந்தப் பக்கம் அழகாக அமரும். மறுபக்கம் சேலைக் கொசுவம்போல் மடிந்து கிடக்கும்.

பொருத்தி முடித்தால் கிடைப்பது ஒரு கண்ணாடி. 1930களின் தாளை இன்றைய பிரிஞ்சாங் ஊரின்மேல் வைத்து, திரையில் விரலால் ஒரு பட்டையை இழுத்தால் பழையது மங்கப் புதியது தெரியும். எதிர்த்திசையில் இழுத்தால் விடுதிகள் மறைந்து காடு எழும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் படங்களை இவ்வாறு விரித்து வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் நூலகம் 2012இல் இந்த வேலையைப் பொதுமக்களிடமே ஒப்படைத்தது. வீட்டிலிருந்தே தன்னார்வலர்கள் புள்ளி வைத்தார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக நூலகம் சிங்கப்பூரின் பழைய படங்களை இப்படிப் பார்க்க வழி செய்திருக்கிறது. தீவுக்கு வாய்த்தது மலைக்கும் வாய்க்கலாம்.

வேலையில் கண்ட ஒரு கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தைக் கத்தரித்துவிட்ட படங்களைப் பார்த்திருக்கிறேன். அளவுகோலும் ஆண்டும் ஆயக்கோட்டு எண்களும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். ஓரம் போன படம், பிறந்த நேரம் கிழிந்த ஜாதகம். உங்கள் வீட்டிலோ தோட்ட ஆபீசிலோ பழைய படம் இருந்தால் கத்தரிக்கோலைத் தூர வையுங்கள்.

3. பரங்கிமலையிலிருந்து கெர்தாவ்வரை

இந்த மலையின் படத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் ஓர் உறவு இருக்கிறது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அளந்த எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசு கொண்டுபோன தூதுக்குழுவின் சாமான்களோடு சென்று, திரும்பிச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய கோணமானி கயிறு அறுந்து மோதிச் சிதைந்தது. அதைச் செப்பனிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்த நீண்ட அளவையைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட், பூமியின் வடிவத்துக்கு 1830இல் ஒரு கணக்குத் தந்தார். மலாயாவை அளந்தவர்கள் அந்தக் கணக்கையே சற்றுத் திருத்தி எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய அளவைக்கு மூலப்புள்ளி இதே பகாங் மாநிலத்திலுள்ள கெர்தாவ். ஆக, நம் கொழுந்துக் காட்டைக் காகிதத்தில் இருத்திய கணக்கின் வேர் பரங்கிமலை அடிவாரத்தில் இருக்கிறது. கப்பலில் ஆட்கள் வந்தார்கள், அளவும் வந்தது.

இது வெறும் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. இன்று உங்கள் கைப்பேசி பூமிக்கு வேறொரு வடிவக் கணக்கை வைத்திருக்கிறது. கெர்தாவ் கணக்கிலுள்ள ஆயக்கோட்டு எண்களை மாற்றாமல் அப்படியே கைப்பேசியில் இட்டால், புள்ளி நூறு மீட்டருக்குமேல் தள்ளி விழும். சமவெளியில் அது பக்கத்துத் தெரு. இங்கே பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவு. ஒரு மூதாட்டி பிறந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, காட்டுகிறேன் என்று அவரைக் கூட்டிப்போய் ஓடையில் இறக்கிவிட்ட கதையாகும்.

4. எது நிலைத்திருக்கிறது?

புள்ளி வைக்க ஒரே நிபந்தனை: அன்றும் இருந்திருக்க வேண்டும், இன்றும் அதே இடத்தில் இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் அப்படி எது இருக்கிறது?

ஆறு இருக்கும் என்று நினைப்போம். பெர்த்தாம் ஆற்றை ரிங்லெட்டில் அணைகட்டி மறித்து 1960களில் ஏரி வந்தது. தெலோம் ஆற்று நீரைச் சுரங்கம் வழியே இந்தப் பக்கம் திருப்பினார்கள். பழைய படத்தின் ஆற்று வளைவுகள் சில இன்று நீருக்கடியில். மேலே தோண்டப்பட்ட சரிவுகளின் மண் அந்த ஏரியை நிரப்புவதும், 2013 அக்டோபரில் அணைநீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போனதும் நீங்கள் அறிந்தவை. ஆறு முன்பு எந்த வழியாக வளைந்து ஓடியது என்பதைப் பழைய தாளைவிடத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை.

லயங்கள்? அவசரகாலத்தில், அதாவது 1948க்குப் பிறகு, சிதறியிருந்த தோட்டக் குடியிருப்புகள் பல இடங்களில் முள்வேலிக்குள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அதன்பின் பழையவை இடிந்தன, புதியவை எழுந்தன. லயத்தை நம்பிப் புள்ளி வைக்க முடியாது. கோயில் அசையாது என்பீர்கள். தகரக் கொட்டகை கோபுரமாகும்போது நாலடி தள்ளிப்போன கோயில்களும் உண்டு; கும்பாபிஷேக மலரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தேயிலைச் செடியே நிலைத்திருக்கிறது. இடுப்புயரத்துக்குக் கவ்வாத்து செய்யப்பட்டு நிற்கும் அந்தச் செடி உண்மையில் ஒரு மரம், நூறாண்டுகூட இருக்கும். ஆகவே ஒரு தேயிலைப் பகுதியின் விளிம்பும் அதைச் சுற்றும் தோட்டச் சாலையின் கொண்டைஊசி வளைவும் எளிதில் மாறுவதில்லை. கேமரன் மலையின் படத்தைத் தரையோடு தைக்கும் ஊசி அந்த வளைவுகளே.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. விடுதலைக்குப் பின் வந்த விரிவான நிலப்படங்கள் பாதுகாப்புக் காரணத்தால் நம் நாட்டில் அனுமதி பெற்றே பார்க்கக் கூடியவை. அதனால் அயல்நாட்டு நூலகங்களிலுள்ள காலனிக் காலத்துத் தாள்களுக்கு நம்மைப் போன்றவர்களிடம் மதிப்பு கூடுகிறது.

5. அரை மில்லிமீட்டர்

அந்தத் தாள்களில் நாம் எப்படி இருக்கிறோம்? ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய படத்தில், முப்பது மீட்டர் நீளமுள்ள ஒரு லயம் அரை மில்லிமீட்டர் கறுப்புக் கோடு. அங்குலத்துக்கு 400 புள்ளி வீதம் வருடினால் ஒரு புள்ளி தரையில் நான்கு மீட்டர். அந்த லயம் திரையில் ஏழெட்டுப் புள்ளி. அதற்குள்தான் வரிசையாகப் பல குடும்பங்கள் அடுப்பு மூட்டின, பிள்ளை பெற்றன, இழவு கண்டன. துரை பங்களாவும் ஃபேக்டரியும் பெயரோடு இருக்கும். லயத்துக்குப் பெயர் இருக்காது. செமாய் மக்களின் ஊர்நிலம் பல இடங்களில் வெறும் பச்சை வண்ணம்.

நம்மவர்கள் இந்த மலைக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கோயில் மேடு, ஸ்டோர் இறக்கம், ஏழாம் நம்பர் மலை என்பவை போன்றவை. காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, வேலையை மேற்பார்க்கும் தண்டல் சொன்னால் ஆட்கள் நேராக அங்கே போவார்கள். அவர்கள் எந்தத் தாளையும் பார்த்ததில்லை. அந்த வாய்மொழிப் படத்தைத் தாழ்வாக எண்ண வேண்டாம்; சொல்லாலேயே நிலத்தை வரைந்த மரபு நமக்கு உண்டு. முதலாம் ராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடுக்கப்பட்டது. அதைச் சொல்லும் செப்பேடுகளை, நெடுங்காலம் இருந்த ஊரின் பெயரால் லெய்டன் செப்பேடுகள் என்கிறோம். பெண் யானையை எல்லை நெடுகச் சுற்றவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு, இந்த வாய்க்காலுக்குத் தெற்கு, அந்த ஊருக்கு மேற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் போவது அக்காலத்து வழக்கம். கோடு ஒன்றுகூட இல்லாத நிலப்படம் அது. ஆயிரம் ஆண்டு கழித்தும் படிக்க முடிகிறது. இந்த நாட்டுக்கும் நாகைக்குமான உறவைச் சொல்லும் ஏடே நமக்கு முன்மாதிரி.

ஆக, நூலகத்தில் கோடு இருக்கிறது, பெயர் இல்லை. பெரியவர்களிடம் பெயர் இருக்கிறது, கோடு இல்லை. புவிப்பொருத்தம் செய்த படத்தில் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கலாம். காகிதம் இன்னும் நூறாண்டு காத்திருக்கும். வெள்ளைக்காரத் துரை காலத்துப் பெரட்டில் பேர் கொடுத்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய தாள்களை ஒரு தமிழ்ப்பள்ளி மாணவர் குழு பொருத்தட்டும். அதற்கான மென்பொருளும் இலவசம். அதைப் பெரிதாக அச்சிட்டுக் கோயில் மண்டபத்தில் விரித்து, பெரியவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள்: இந்த வளைவுக்கு என்ன பெயர்? இந்தக் கோட்டில் யார் யார் இருந்தார்கள்? சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரோடு பதியுங்கள். இருவர் இரு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். செமாய் மக்களிடமும் அவர்கள் மொழியில் அவர்கள் பெயர்களைக் கேளுங்கள். நம் பெயருக்கு அடியில் அவர்கள் பெயர் புதைந்துவிடக் கூடாது. இது நிலப்பட்டா ஆகாது, எந்த நீதிமன்றத்திலும் வீடு வாங்கித் தராது. அந்த ஆசையை யாருக்கும் ஊட்ட வேண்டாம்.

இங்கே வந்தவுடன், முன்வரிசையில் இருக்கும் ஓர் அம்மாவிடம் என் மடிக்கணினியைக் காட்டினேன். தேயிலைக்காட்டின் ஒரு வளைவில் விரலை வைத்து, "இங்கதான் தம்பி, எங்க லயத்துப் பீலி இருந்துச்சு" என்றார். அந்தத் தண்ணீர்ப் பீலி எந்தத் தாளிலும் இல்லை. அந்தப் புள்ளியை அப்போதே குறித்துக்கொண்டேன். ஆசிரியர் ஐயா விரல் வைக்கத் தேடிய இடத்துக்கு அது வெகு தொலைவில்லை.