கரைக்கு ஒரு சாட்சி

திருக்கோணமலையின் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை மணலைக் கொணர்ந்து சேர்க்குமிடம் அது. கரை என்றும் ஒன்றுபோல் இராது. கரையோரத்தில் நிலம் உடையவனுக்கு இது வெறுங் காட்சியன்று. முன்னைய கரை எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டுமல்லவா?

சாட்சி உண்டு. 1956இல் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவின் உதவியோடு இலங்கை விமானத்திலிருந்து படம்பிடிக்கப்பட்டது, அளவு 1:40,000. ஒன்றையொன்று தழுவும் இரு படங்களை, இரு கண்களாற் பார்ப்பதுபோல் இணைத்து நோக்கினால் மேடு பள்ளம் புலனாகும். அன்று நிபுணர் கருவியின்மேற் குனிந்து மணிக்கணக்காகச் செய்ததை இன்று கணினி செய்கிறது.

ஆயினும் பிலிமைச் செம்மையாக வருடுவதே முதற்படி. 15 மைக்ரோன் நுட்பத்தில் வருடினால் ஒரு புள்ளி தரையில் 60 சென்ரிமீற்றர். சாதாரண அலுவலக வருடியில் இட்டால் படம் அழகாகவே இருக்கும், அளவுதான் பிழைக்கும். பிலிமும் காலத்தாற் சுருங்கும். விளிம்புக் குறிகளைக் கொண்டு அதனைத் திருத்துவர். பின்னர், பிரெட்ரிக் கோட்டை மதிலின் மூலைபோல அன்றும் இன்றும் அசையாத இடங்களைப் பற்றிக்கொண்டு பழைய படத்தை இன்றைய படத்தோடு பொருத்தலாம். கரை நகர்ந்த தூரம் அப்போது தெரியவரும்.

கடலில் மட்டும் இம்முறை தோற்கிறது. முதற்படத்திற் கண்ட அலை அடுத்த படத்தில் இல்லை. துறைமுகத்தின் பெயர்பெற்ற ஆழத்தை இன்றும் படகேறி, ஒலியலை செலுத்தியே அளக்கிறார்கள்.