காய்ச்சலின் கணக்கு யார் கையில்?

(பெங்களூருவில் தமிழ் பேசும் தோழர்களுக்காக நடைபெற்ற வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2023 மார்ச் 1 அன்று நம் மாநிலத்தின் ஹாசன் மாவட்டத்தில் 82 வயது முதியவர் ஒருவர் காய்ச்சலால் இறந்தார். எச்3என்2 வகை இன்ஃப்ளூயன்ஸாவால் நேர்ந்த மரணம் அது என்ற செய்தி மார்ச் 10 அன்றுதான் நாடெங்கும் பரவியது. அந்த மாதத் தொடக்கத்திலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு தகவலை வெளியிட்டிருந்தது. அதன் 30 ஆய்வகங்களின் வலைப்பின்னல், முந்தைய டிசம்பர் 15 முதலே எச்3என்2 அதிகரித்து வருவதைக் காட்டியது என்பதே அத்தகவல். டிசம்பர் நடுப்பகுதிக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் இடையே பதினோரு வாரங்கள் உள்ளன. ஆய்வகத்தின் கண்ணில் பட்ட பரவல் மக்களின் காதுக்கு எட்ட இவ்வளவு காலம் ஆனது ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் இதன் அறிவியலைப் புரிந்துகொள்வோம். இன்ஃப்ளூயன்ஸா ஆண்டுதோறும் வரும் நோய். ஆகவே நோயாளிகள் இருக்கிறார்கள் என்பது மட்டுமே எச்சரிக்கையாகிவிடாது. இந்த வாரத்தில் இயல்பாக எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் கூடுதலாக இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை முதலில் தெளிவாகக் கேட்டவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃபார். 1847இல் லண்டனை ஃப்ளூ தாக்கியபோது, வழக்கமான இறப்புகளோடு அவ்வார இறப்புகளை ஒப்பிட்டு, மிகுதியாக இறந்தவர்களைக் கணக்கிட்டார். அவர் பணியாற்றிய தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் அட்டவணைகளைத்தான் எங்கெல்ஸ், தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய தமது நூலில், ஆலை முதலாளிகளுக்கு எதிரான சாட்சியமாக நிறுத்தினார். அரசு சேகரித்த எண்களை வர்க்கப் போராட்டத்தின் ஆயுதமாக்கும் மரபு நமக்குப் புதிதன்று.

இன்றைய முறையும் அடிப்படையில் அதுவே. 38 டிகிரி செல்சியசுக்குக் குறையாத காய்ச்சலும் இருமலும் பத்து நாட்களுக்குள் தொடங்கியிருந்தால், அதை 'இன்ஃப்ளூயன்ஸா போன்ற நோய்' என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. அதே நோயாளியை மருத்துவமனையில் அனுமதிக்க நேர்ந்தால் அது 'கடும் மூச்சுத் தொற்று'. புறநோயாளிகளில் நூற்றுக்கு எத்தனை பேர் இப்படி வந்தார்கள் என்று வாரந்தோறும் பதிய வேண்டும். கடந்த சில ஆண்டுகளின் அதே வாரங்களிலிருந்து இயல்பு அளவையும், அதற்கு மேலே ஓர் எச்சரிக்கை எல்லையையும் கணக்கிட வேண்டும். தொடர்ந்து இரண்டு மூன்று வாரங்கள் எல்லை மீறப்பட்டு, ஆய்வக மாதிரிகளிலும் இன்ஃப்ளூயன்ஸாவின் பங்கு உயர்ந்தால், பரவல் தொடங்கிவிட்டது எனலாம். இரண்டு அளவுகளும் சேர்ந்தே தேவை. ஏனெனில் இதே இருமலையும் காய்ச்சலையும் வேறு பல வைரஸ்களும் உண்டாக்கும்.

எல்லா ஊருக்கும் ஒரே எல்லை பொருந்தாது. ஸ்ரீநகரில் ஃப்ளூ குளிர்காலத்தில் உச்சம் தொடுகிறது. டெல்லியில் தென்மேற்குப் பருவமழையின்போது. சென்னையில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. பெங்களூருவோ இரு மழைகளையும் பெறும் ஊர். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். காலையில் அங்கிருந்து இங்கு வேலைக்கு வந்து இரவில் திரும்பும் தொழிலாளியின் நுரையீரலுக்கு மாநில எல்லை தெரியாது. ஆனால் அவருடைய காய்ச்சல் கர்நாடகத்தின் கணக்கிலா, தமிழ்நாட்டின் கணக்கிலா, எதில் ஏறுகிறது? பெரும்பாலும் எதிலும் ஏறுவதில்லை.

இந்தியாவில் இதற்கென ஓர் அமைப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2004இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. கிராமச் சுகாதாரப் பணியாளர் நிரப்பும் எஸ் படிவம், மருத்துவர் நிரப்பும் பி படிவம், ஆய்வகம் நிரப்பும் எல் படிவம் என மூன்று ஊற்றுகளிலிருந்து வாராந்திரத் தகவல் வந்தது. பின்னர் இது கணினித் தளத்துக்கு மாற்றப்பட்டது. 2018இல் முதற்கட்டமாகத் தேர்வான ஏழு மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று. 2021 ஏப்ரலில் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. வடிவமைப்பு நன்று. ஆனால் அந்தப் படிவத்தை நிரப்புவது யார், அதில் இடம்பெறாமல் போவது யார் என்று பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது.

எச்1என்1 பரவிய காலத்தில் மத்திய அரசு நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இரத்த அழுத்த வீழ்ச்சி போன்ற கடுமையான அறிகுறிகளுள்ள சி பிரிவினருக்கு மட்டுமே பரிசோதனை. சிகிச்சை நோக்கில் இதற்கு நியாயம் உண்டு; லேசான காய்ச்சலுக்கெல்லாம் பரிசோதனை தேவையில்லை. ஆனால் அதன் விளைவாக, 2015இல் நாட்டில் 42,592 பேருக்கு எச்1என்1, 2,990 பேர் மரணம் என்ற எண்கள், மருத்துவமனை வாசலை எட்டியவர்களின் எண்களே. எச்சரிக்கை வேண்டுமானால், தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளில் லேசான காய்ச்சல்காரர்களிடமிருந்தும் வாரந்தோறும் சில மாதிரிகளை இலவசமாகச் சோதித்தாக வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

அடுத்து, தொழிலாளி. பீன்யாவிலும் ஓசூர் சாலையிலும் மைசூர் சாலையிலும் உள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் பெண்களை எண்ணிப் பாருங்கள். இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்காலப் பயனாக ஊதியத்தின் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். ஆனால் நோயின் முதல் இரண்டு நாட்கள் 'காத்திருப்புக் காலம்'. அந்நாட்களுக்குப் பயன் இல்லை. பதினைந்து நாட்களுக்குள் மறுபடி நோயுற்றால் மட்டுமே இதற்கு விலக்கு. ஃப்ளூ பெரிதும் தொற்றுவதோ நோயின் முதல் மூன்று நாட்களில். தொற்று உச்சத்தில் இருக்கும்போது வீட்டில் தங்கினால் கூலி போகும் என்று சட்டமே ஏற்பாடு செய்திருக்கிறது! எனவே அந்தப் பெண் பாராசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தையல் எந்திரத்தின் முன் அமர்கிறார். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியவர் எந்தப் படிவத்திலும் வருவதில்லை. பிறகு உடல் தாளாமல் போகும்போது செல்வதும் பெரும்பாலும் அருகிலுள்ள தனியார் கிளினிக்குக்கே; அங்கிருந்து கண்காணிப்புத் தளத்துக்குத் தகவல் போவது அரிது. ஆக, அரசின் வரைபடத்தில் எச்சரிக்கைக் கோடு மீறப்படும் வாரத்துக்கு முன்பே, ஆலையின் வரிசைகளில் நோய் ஒரு சுற்று முடித்திருக்கும்.

எண்ணுபவர்களின் நிலையும் இதுதான். 2025 ஜனவரியில் கர்நாடகத்தின் ஆஷா ஊழியர்கள் பெங்களூரு சுதந்திரப் பூங்காவில் கடுங்குளிரில் நான்கு நாட்கள் அமர்ந்தார்கள். மாதம் 15,000 ரூபாய் உறுதியான ஊதியம் அவர்களது கோரிக்கை. 10,000 ரூபாய் உறுதி செய்வதாக முதலமைச்சர் வாக்களித்த பிறகே கலைந்தார்கள். அவர்கள் எழுப்பிய இன்னொரு பிரச்சினையைப் பத்திரிகைகள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. செய்து முடித்த வேலை கணினித் தளத்தில் சரியாக ஏறாததால் ஊக்கத்தொகை கைக்கு வராமல் போகிறது என்பதே அது. வீடு வீடாகச் சென்று காய்ச்சலைக் கணக்கெடுக்கும் பெண்ணின் உழைப்பையே கணக்கில் கொள்ளாத ஓர் அமைப்பு, நோயைச் சரியாகக் கணக்கெடுக்கும் என்று எப்படி நம்புவது?

மாநகரின் எல்லைகளுக்கும் இதில் பங்கு உண்டு. இயல்பு அளவைக் கணக்கிடப் பழைய ஆண்டுகளின் தரவு அதே பகுதிக்கு வேண்டும். பெங்களூருவின் 198 வார்டுகள் முதலில் 243 என்றும், பிறகு 225 என்றும் மாற்றி வரையப்பட்டன; 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு முறை கோடு மாறும்போதும் பழைய எண்களைப் புதிய பகுதிகளுக்கு ஏற்பப் பிரித்து எழுதாவிட்டால் ஒப்பீடு அறுந்துபோகும். புதிதாக ஒரு 'நம்ம கிளினிக்' திறந்தாலும் அந்த வட்டாரத்தில் காய்ச்சல் கூடியது போலத் தோன்றும். உண்மையில் கூடியது பதிவுதான். மேலும் 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இந்நகரில் தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினரே இல்லை. எண் உயர்ந்தால் மக்கள் யாரிடம் போய்க் கேள்வி கேட்பது?

இத்தனை தொல்லை எதற்கு, கணினியே எல்லாவற்றையும் சொல்லிவிடாதா என்று தகவல் தொழில்நுட்பத் தலைநகரில் சிலர் கேட்பதுண்டு. கூகுள் நிறுவனம் 2008இல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. மக்கள் இணையத்தில் தேடும் சொற்களை வைத்து ஃப்ளூவைக் கணிப்பதாக அறிவித்தது. 2009இல் எச்1என்1இன் முதல் அலையை அது குறைத்துக் காட்டியது, 2012–13 குளிர்காலத்தில் அமெரிக்க அரசின் கணக்கைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காட்டியது, 2015இல் கைவிடப்பட்டது. செய்தித்தாளில் ஃப்ளூ பற்றிப் படித்துப் பயந்தவரும் அதே சொல்லைத்தானே தேடுவார்? கழிவுநீரில் வைரசைத் தேடும் முறை இதைவிட மேலானது. கொரோனா காலத்தில் இந்நகரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் அது பயனுள்ளதாக இருந்தது. மருத்துவரிடம் போக முடியாதவரும் அதில் கணக்கில் வருகிறார். ஆயினும் பாதாளச் சாக்கடை இணைப்பே இல்லாத குடிசைப் பகுதிகளை அதுவும் விட்டுவிடும்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. வார்டு வாரியான காய்ச்சல் எண்களையும் ஆய்வக முடிவுகளையும் நோயாளிகளின் அடையாளமின்றி வாரந்தோறும் கன்னடத்திலும் தமிழ், தெலுங்கு, உருது உள்ளிட்ட மொழிகளிலும் வெளியிட வேண்டும். தனியார் மருத்துவமனைகள் தகவல் தருவது உரிம நிபந்தனையாக வேண்டும். இ.எஸ்.ஐ.யின் இரண்டு நாள் காத்திருப்பு ஒழிய வேண்டும். ஆஷா ஊழியர்களைப் பணியாளர்களாக அங்கீகரிக்க வேண்டும்.

ஒரு வேலையை நாமே தொடங்கலாம். நோயின் முதல் தடயம் ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. இன்று நிர்வாகம் அதைக் கூலி வெட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் சிகிச்சை அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது; அங்கு வரும் காய்ச்சல்காரர்களின் எண்ணிக்கையும் நிர்வாகத்திடம் உண்டு. இவ்விரண்டின் வாராந்திர மொத்தத்தை, பெயர்களின்றி, தொழிலாளர் குழுவுக்கும் வட்டார ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் தரும்படி ஒவ்வோர் ஆலையிலும் கோரிக்கை மனு கொடுங்கள். மறுத்தால், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு தோழர் ஒரு சிறு நோட்டை வைத்துக்கொள்ளட்டும். திங்கள்கிழமை எத்தனை பேர் காய்ச்சலால் வரவில்லை, எத்தனை பேர் காய்ச்சலோடு வந்தார்கள் என்று இரண்டே எண்கள். ஜூன் மாத மழைக்கு முன்பே இதைத் தொடங்கினால், ஆகஸ்டில் ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் ஓர் இயல்பு அளவு இருக்கும்.