ஒரு விஞ்ஞானியின் நாட்குறிப்பு
(சீயமங்கலத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



விஞ்ஞானத்தைப் பற்றித் தமிழாசிரியர் பேசப் புகுவது தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். யாம் எடுத்துக்கொண்டது விஞ்ஞான நுட்பமன்று. விஞ்ஞானி ஒருவர் நாடோறும் வாழ்ந்த வாழ்க்கையே. வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டு பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணனே அவர்.

மதுரையிலும் சென்னையிலும் பயின்ற கிருஷ்ணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இரசாயனச் செய்முறை காட்டும் பணியில் அமர்ந்தார். நண்பகல் உணவு வேளையில் மாணாக்கர் அவரைச் சூழ்ந்து எதனையும் வினவலாம். பௌதிகமாயினும் கணிதமாயினும் தடையில்லை. வினா எழுப்பும் பிள்ளையை ‘அதிகப்பிரசங்கி’ என்று அடக்குவதன்றோ நம் வீட்டு வழக்கம்!

பின்னர் அவர் கல்கத்தா சென்று, மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய விஞ்ஞானக் கழகத்தில் சி. வி. இராமனிடம் சேர்ந்தார். இராமன் அங்குப் புகுந்த வரலாறும் நம் குடும்பத்தார் கேட்கத்தக்கது. 1907-இல் அரசாங்க நிதித்துறையில் உயர்பதவி பெற்றவர் அவர். விடியலில் ஆய்வுக்கூடம், பின்னர் வீடு வந்து நீராடி, அவசரமாய் உண்டு, அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம். 1917-இல் அப்பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்துக்குப் பேராசிரியரானார். தம் மகன் இவ்வாறு செய்ய நம்மவருள் எத்தனை பேர் இசைவர்?

இனி நாட்குறிப்புக்கு வருவோம். 1928 பிப்ரவரித் தொடக்கத்தில் கிருஷ்ணன் ஏட்டுக் கணக்கிலேயே ஆழ்ந்திருந்தார். ஆய்வாளன் கண்கூடான சோதனையினின்றும் நெடுநாள் விலகியிருத்தல் நலமன்று எனக் கருதிய இராமன், அவரை மீண்டும் சோதனையில் ஏவினார். கதிரவன் ஒளியை ஊதாக் கண்ணாடியால் வடித்துத் தூய நீர்மத்திற் பாய்ச்சுவர்; அவ்வொளியைத் தடுக்கவல்ல வேறொரு கண்ணாடியைக் கண்முன் வைப்பர். ஒன்றும் தோன்றலாகாது. ஆயினும் மங்கிய ஒளி தோன்றிற்று. நிறம் மாறிய ஒளி அது.

பிப்ரவரி 7 இரவு, உணவு முடித்து நண்பருடன் உரையாடிக்கொண்டிருந்த கிருஷ்ணனை, ஒன்பது மணியளவில் ஆசிரியரே வீடு தேடி வந்து அழைத்தார். காலையிற் கண்டதன் பொருளை வாயிலில் நின்றபடியே கால் மணிக்கு மேலாகப் பேசினார். ஆசிரியர் இலக்கணம் கூறிய நன்னூலார் இதனைச் சேர்த்தாரில்லை, சேர்த்திருக்கலாம்.

28-ஆம் நாள் நிறமாலை காட்டியால் செய்தி உறுதியாயிற்று. மார்ச்சு 31-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நோபெல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. இதுபற்றிய வழக்கு இன்றும் ஓயவில்லை. கிருஷ்ணனோ டாக்கா, அலகாபாத் ஆகிய இடங்களிற் பணியாற்றி, 1947-இல் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகி, 1961-இல் மறைந்தார். அவர் அன்றாடம் எழுதி வைத்தமையாலன்றோ அந்நாட்களை நாம் இவ்வளவு நெருங்கிக் காண்கிறோம்!

நம் சீயமங்கலத்துக் குடைவரையை மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்தான் என்பதைக் கல்லெழுத்தால் அறிகிறோம். அதனை எவ்வுளி கொண்டு, எத்தனை நாளிற் குடைந்தனர், எந்தப் பாறை பிளந்து ஏமாற்றிற்று என்பதைத் தச்சர் எழுதி வைத்தாரில்லை.

ஆதலின், வரும் ஆண்டு விழாவில் கேடயங்களைக் குறைத்து, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி ஒவ்வொரு மாணாக்கர்க்கும் ஒரு குறிப்பேடு வழங்குமாறு வேண்டுகிறோம். மழை பெய்த நாள், கிணற்று நீரின் ஆழம், தாம் கண்டு வியந்தது எதுவாயினும் அதில் எழுதட்டும். செலவுக் கணக்கைச் செயலாளரிடம் கொடுத்துள்ளோம்.