பழங்காசை அடையாளம் காண்போம்



தோட்டத்திலேயே இன்னும் வாழ்கின்ற குடும்பமானாலும் சரி, தோட்டம் கைமாறிய பிறகு அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்ட குடும்பமானாலும் சரி, பல வீடுகளில் தாத்தா பாட்டி காலத்துத் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் பழைய பிறப்புப் பத்திரம், மங்கிப்போன திருமணப் படம், அடியிலே ஒரு சுருக்குப் பை. அந்தப் பைக்குள் கறுத்துப்போன செப்புக் காசுகள் நாலைந்தும் கிடக்கக்கூடும். அந்தக் காசுகளை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஒரு கண்காட்சி வைத்தோம். வீட்டிலுள்ள பழம்பொருள்களைக் கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பாட்டியிடம் கெஞ்சி வாங்கி, 1845 என்று ஆண்டு போட்ட செப்புக் காசு ஒன்றைக் கொண்டு வந்தாள். கறுப்பாக இருக்கிறதே, பார்வையாளர் கண்ணுக்கு எடுப்பாக இருக்க வேண்டாமா என்று நினைத்து, புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் துலக்கச் சொன்னோம். காசு புதுக் குத்துவிளக்கைப் போலப் பளபளத்தது. எங்களுக்கும் மகிழ்ச்சிதான்.

அன்று மாலை கிள்ளானிலிருந்து வந்திருந்த காசு சேகரிப்பாளர் ஒருவர் அதைக் கையில் எடுத்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டார். "ராணியின் கழுத்தடியில் எழுத்து இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது, சார்" என்றார். காசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தப் பாட்டி சொன்னது அதைவிடச் சுட்டது: "எங்க ஆத்தா கை பட்ட கறுப்பு ஐயா அது. அதையும் தேச்சுப்புட்டீங்களே!"

சேகரிப்பாளர் குறிப்பிட்ட அந்த எழுத்து என்ன? முதலில் காசு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

நம் வீட்டு முறுக்கு அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் ஒரு பல் வளைந்திருந்தால், அதில் பிழிகிற முறுக்கில் எல்லாம் அந்த வளைவு தெரியும். பால் ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டியவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். உருளையில் ஒரு வெட்டுக் காயம் இருந்தால் ஷீட்டுக்கு ஷீட்டு அதே இடத்தில் அந்தக் காயம் விழும். காசும் அப்படித்தான். எஃகு அச்சு இரண்டுக்கு நடுவே வட்டத் தகட்டை வைத்து ஓங்கி அடித்தால் ஒரு பக்கம் தலையும் மறுபக்கம் மதிப்பும் பதிகின்றன. ஆயிரக்கணக்கில் அடித்தபின் அச்சு தேய்ந்து போகும். வேறு அச்சு வேண்டும். புது அச்சில் ஓர் எழுத்து சற்று விலகியிருக்கலாம். ஒரு புள்ளி கூடுதலாக இருக்கலாம். இலை வளையத்தில் ஒரு கனி குறைந்திருக்கலாம். ஆண்டும் மதிப்பும் ஒன்றாகவே இருக்க, அச்சு மட்டும் வேறாக இருக்கும். இதைத்தான் அச்சு வேறுபாடு என்கிறார்கள். காசு சேகரிப்போர் தேடுவது இந்தச் சின்ன வேறுபாட்டைத்தான்.

அந்த 1845 காசு கிழக்கிந்தியக் கம்பெனி, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்காகக் கல்கத்தாவில் அடித்தது. கால் சென்ட், அரை சென்ட், ஒரு சென்ட் என மூன்று அளவுகளில் வந்தது. ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை. ராணியின் உருவத்தைச் செதுக்கியவர் வில்லியம் வயன் என்ற புகழ்பெற்ற செதுக்குக் கலைஞர். அவருடைய பெயரின் முதலெழுத்துகளான இரண்டு 'டபிள்யூ' ராணியின் கழுத்து வெட்டுப்பட்ட விளிம்பில் சில காசுகளில் இருக்கும், சிலவற்றில் இராது. கடுகளவு எழுத்துத்தான். ஆனால் எந்த அச்சில் அடித்த காசு என்பதற்கு அதுவே சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் நாங்கள் புளி போட்டு அழித்துவிட்டோம்.

பிறகு 1862-இல் "இந்தியா ஸ்ட்ரெய்ட்ஸ்" என்று பொறித்த செப்புக் காசுகள் வந்தன. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசாங்கத்தின் கையிலிருந்து பிரிந்து லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின. அதன்பின் 1871 முதல் வெள்ளிக் காசுகளும், 1872 முதல் செப்புக் காசுகளும் "ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்" என்ற பெயரோடு வந்தன. சிலாங்கூரிலும் இந்தப் பணமே புழங்கியது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை 1886-இல் ரயில் ஓடத் தொடங்கிய காலம் அது. பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய ரயில்வேத் தொழிலாளியானாலும், கிள்ளான் வட்டாரத்தில் காடு வெட்டித் தோட்டம் போட்ட தொழிலாளியானாலும், கையில் வாங்கியது இந்தக் காசைத்தான்.

இந்த வகைச் செப்புக் காசு கிடைத்தால் ஆண்டைப் பாருங்கள். பிறகு 'எச்' என்ற சின்ன எழுத்து எங்கேனும் உண்டா என்று தேடுங்கள். இருந்தால் அது பர்மிங்காம் நகரத்து ஹீட்டன் தொழிற்சாலையில் அடித்தது.

சிலர் வீட்டில் இந்திய ரூபாயும் இருக்கும். நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது இடுப்பில் முடிந்து கொண்டு வந்தது. 1840 என்று ஆண்டு போட்ட ரூபாயில் ராணியின் பெயர் தலையைச் சுற்றித் தொடர்ந்து ஓடினால் அது ஒரு வகை. தலைக்கு இருபுறமும் பிரிந்து நின்றால் இன்னொரு வகை. பின்பக்கத்து இலை வளையத்தில் உள்ள கனிகளைக்கூட எண்ணிப் பார்க்கிறார்கள். ஓர் அச்சில் 28 கனி, இன்னோர் அச்சில் 34 கனி. 1862 என்று போட்ட ரூபாயைப் பல ஆண்டுகள் அதே ஆண்டெண்ணோடு அடித்தார்கள். பம்பாயில் அடித்தவற்றில் சின்னச் சின்னப் புள்ளிகளால் வேறுபாடு காட்டினார்கள். 1877 முதல் இந்தியக் காசில் 'குயின்' போய் 'எம்ப்ரெஸ்' என்று வந்தது. நம் நீரிணைக் காசில் கடைசி வரை 'குயின்'தான்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1860-இல் கனமான செப்புப் பென்னியை விட்டு, ஏறக்குறைய அதன் பாதி எடையில் வெண்கலப் பென்னிக்கு மாறினார்கள். உருவம் செதுக்கியவர் வில்லியம் வயனின் மகன் லெனார்ட் சார்லஸ் வயன். பொதுமக்களுக்கு விடுவதற்கு முன் அரசாங்கத்துக்குக் காட்டுவதற்காக மாதிரிக் காசுகள் சிலவற்றை அடித்தார்கள். 1860-ஆம் ஆண்டுப் பென்னியிலேயே விளிம்பில் மணிமணியாக உள்ளதும் உண்டு, பல் பல்லாக உள்ளதும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் அங்கே சேகரிப்பாளரின் முதல் பாடம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாதிரிக் காசு கூலியாகக் கொடுக்கப்பட்டதல்ல. மிகச் சிலவே அடித்தார்கள். ஆகவே உங்கள் வீட்டுக் காசைப் பார்த்து, "இது மாதிரிக் காசு, இலட்சம் பெறும், பதிவுக்கு முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுபோலவே, "இது வெறும் செம்பு, எடைக்குப் போடுங்கள்" என்பவரையும் நம்பாதீர்கள். பெரும்பாலான பழங்காசுகளுக்குச் சிறிய விலைதான் உண்டு. ஆனால் எது சிறியது, எது பெரியது என்பதைப் பார்த்து அறிய வேண்டுமே தவிர, வந்தவர் வாய்க்கு விட்டுவிடக் கூடாது.

போலிகளும் நிறைய உண்டு. முக்கியமாக, 1903 முதல் வந்த பெரிய நீரிணை வெள்ளியை இன்று போலியாகச் செய்து விற்கிறார்கள். அசல் 1903 வெள்ளியின் எடை 26.95 கிராம். தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையலாம். நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். காந்தத்தை அருகில் கொண்டு போங்கள். வெள்ளியும் செம்பும் ஒட்டா. ஒட்டினால் உள்ளே இரும்பு. பம்பாயைக் குறிக்கும் 'பி' எழுத்து சில காசில் புடைத்தும் சில காசில் குழிந்தும் இருக்கும். அதுவும் அச்சு வேறுபாடே.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? காசை விளிம்பில் பிடியுங்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பல்பொடி எதுவும் வேண்டாம். சன்னலோரம் வைத்து, பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆண்டு, எழுத்து, புள்ளி, கனி, எடை ஆகியவற்றை எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் இருபுறமும் படம் எடுங்கள். மலிவான நெகிழிப் பையில் போட்டால் நாளடைவில் பச்சை பூக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே உலர்ந்த தாள் உறையில் இடுங்கள். கோலாலம்பூரில் பேங்க் நெகாராவின் சாசானா கிஜாங் கட்டடத்தில் பணத்தின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். விற்பதாக இருந்தால், இரண்டு மூன்று பேரிடம் விசாரித்த பிறகே விற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காசு யாருடையது, எந்தத் தோட்டத்தில், எப்படிக் கைக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அதே பக்கத்தில் எழுதுங்கள். அச்சு வேறுபாட்டைப் புத்தகம் பார்த்து யாரும் சொல்லிவிடலாம். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள்தாம் சொல்ல முடியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மரத்துப் பட்டையில் மயிரிழை ஆழம் தவறாமல் பால் வெட்டிய கண்கள் நம்முடையவை. அந்தக் கண்களுக்குக் காசின் கடுகளவு எழுத்து தெரியாமலா போகும்? நாங்கள் அவசரப்பட்டுத் துலக்கினோம். நீங்கள் பொறுமையாகப் பாருங்கள்.